யாரும் கேட்டிராத குரல்கள்: டைனோசர்களும் சிந்தசைசரும்

1993ஆம் ஆண்டின் பிற்பகுதி. கொழும்பில் தமிழ் நாளிதழொன்றின் ஆசிரியபீடத்தில் நான் சேர்ந்து இரண்டு வருடங்கள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. ஸ்டீவன் ஸ்பில்பேர்க்கின் "ஜுராசிக் பார்க்" திரைப்படம் உலகின் பேச்சாக இருந்த காலம் அது. ஞாயிறு இதழில் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகைகள் இரண்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, டைனோசர்களைப் பற்றிய கட்டுரையொன்றை இரண்டு மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன். அதில் ஒரு வசனம் இருந்தது. டிரனோசோரஸ் ரெக்ஸ் எவ்வாறு கர்ஜித்தது என்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்து, அந்தக் கர்ஜனையை அப்படியே படத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பதே அந்த வசனம். சஞ்சிகைகள் இரண்டிலும் அப்படி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதும் வேகத்தில் எனது பேனா தானாகவே சேர்த்துக்கொண்ட செய்தி அது.

பத்து நாட்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து தபாலட்டையொன்று வந்தது. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். "கட்டுரை நன்று. ஆயினும் ஒரு சந்தேகம். அந்தக் கர்ஜனையைக் கேட்டவர் யார்? எலும்பு கல்லாகும், தொண்டை கல்லாவதில்லையே, தம்பி" என்று இருந்தது. நான் அதனை எனக்கு மேலிருந்தவரிடம் கொண்டுசென்று காட்டினேன். "அடுத்த கிழமை பார்ப்போம்" என்றார். நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. டைனோசரின் குரலைப் பற்றிய ஒரு திருத்தத்துக்கு அடுத்த கிழமையும் இடம் கிடைக்கவில்லை, அதற்கடுத்த கிழமையும் கிடைக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், மறந்துவிடுவது எனக்கும் வசதியாக இருந்தது.

அந்தத் தபாலட்டை மீண்டும் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ரொறன்ரோவிலிருக்கும் எனது சகோதரியின் மகன். கணினித் துறையில் வேலை பார்க்கும் அவர், ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே சிந்தசைசர் வாசித்துப் பதிவு செய்பவர். சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இசைத்தொகுப்பை எனக்கு அனுப்பியிருந்தார். ஒன்பது உருப்படிகள். பாடல் வரிகள் கிடையாது, குரல் கிடையாது, முழுவதும் இலத்திரனியல் இசை. கருப்பொருள் டைனோசர்களும் அவை வாழ்ந்த உலகமும். "மாமா, இதற்குத் தமிழில் ஒரு அறிமுகக் குறிப்பு எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருந்தார். இசை எனக்குப் பிடித்திருந்தது. அவர் தாமே எழுதியிருந்த ஆங்கிலக் குறிப்பின் முதல் வசனத்தில்தான் நான் தடுமாறினேன். "ஜுராசிக் யுகத்தின் உண்மையான ஒலிகள்" என்று அது தொடங்கியது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதிய அதே வசனம். அவருக்குப் பதில் எழுதுவதற்காக நான் தேடி வாசித்தவை ஒரு மின்னஞ்சலுக்குள் அடங்கவில்லை. ஆகவே, அவற்றை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எலும்புகளின் ஓசை

"டைனோசர்" என்ற பெயர் பிறந்தது 1842இல். கிரேக்க மொழியில் "அச்சம் தரும் பல்லி" என்ற பொருள்பட ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் அதனை உருவாக்கினார். பன்னிரண்டு ஆண்டுகளில், 1854இல், தென் இலண்டனின் சிடன்ஹாமில் கிறிஸ்டல் பலஸ் பூங்காவில் அவற்றின் முழு அளவுச் சிலைகள் வைக்கப்பட்டன. செதுக்கியவர் பெஞ்சமின் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ். உலகம் முதன்முதலாக டைனோசர்களைக் "கண்டது" அங்கேதான். ஆனால், இகுவானோடன் என்ற விலங்கின் மூக்கின் மேல் ஒரு கொம்பு வைக்கப்பட்டது. 1878இல் பெல்ஜியத்தின் பேர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் அது கொம்பல்ல, கைப் பெருவிரலின் முள் என்பது உறுதியானது. அந்தச் சிலைகள் இன்றும் அதே பூங்காவில், அதே மூக்குக் கொம்போடு நிற்கின்றன. பிழையென்று தெரிந்தும் அவற்றை யாரும் உடைக்கவில்லை. அக்காலத்தவர் எவ்வளவு அறிந்திருந்தனர் என்பதற்கான சான்றாக அவை பாதுகாக்கப்படுகின்றன.

உருவத்தை எலும்பிலிருந்து ஊகிக்கலாம். ஒலியை எதிலிருந்து ஊகிப்பது? இக்கேள்விக்கு இசையுலகம் தந்த முதல் விடைகளில் ஒன்று நகைச்சுவையானது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கமில் சென்-சான்ஸ் 1886இல் "விலங்குகளின் களியாட்டம்" என்ற தொகுதியை அமைத்தார். பதினான்கு பகுதிகளைக் கொண்ட அதன் பன்னிரண்டாவது பகுதியின் பெயர் "உயிர்ச்சுவடுகள்". மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலோபோன் அதிலே எலும்புகள் உரசுவதுபோல ஒலிக்கும். 1874இல் தாம் அமைத்த "மரண நடனம்" என்ற படைப்பிலும் எலும்புக்கூடுகளுக்கு அதே வாத்தியத்தை அவர் பயன்படுத்தியிருந்தார். அந்த மெட்டையே இங்கும் எடுத்தாண்டார். அதனோடு பழைய நாட்டார் மெட்டுகளையும் ரொசினியின் இசைநாடகப் பாடலொன்றையும் கோத்தார். தமது பழைய இசையும் உட்பட, பழகிப்போன மெட்டுகளே உயிர்ச்சுவடுகள் என்பது அவர் செய்த கேலி. தமது தீவிரமான படைப்புகளுக்கு இழுக்கு வந்துவிடும் என அஞ்சி, "அன்னம்" என்ற பகுதியைத் தவிர ஏனையவற்றைத் தமது ஆயுட்காலத்தில் வெளியிட அவர் அனுமதிக்கவில்லை. 1921இல் அவர் மறைந்த பின்னர், 1922இல்தான் முழுத் தொகுதியும் அச்சேறியது.

சென்-சான்ஸ் ஒன்றைச் சரியாகச் செய்தார் எனலாம். அவர் விலங்கின் குரலைத் தருவதாகச் சொல்லவில்லை. கையில் கிடைத்த எலும்பை மாத்திரம் தட்டிக் காட்டினார்.

திரையில் எழுந்த கர்ஜனை

வின்சர் மக்கேயின் "கேர்ட்டி" என்ற சித்திர டைனோசர் 1914இல் அமெரிக்க அரங்குகளில் ஆடியபோது சினிமாவுக்கு வாயில்லை. 1925இல் வெளிவந்த "தொலைந்த உலகம்" திரைப்படமும் ஊமைப்படமே. பேசும் படம் வந்த பின்னர், 1933இல், "கிங் கொங்" படத்திற்காக மறே ஸ்பிவாக் என்ற ஒலியமைப்பாளர் சிங்கங்களதும் புலிகளதும் உறுமல்களைப் பதிவு செய்து, அவற்றைப் பின்னோக்கியும் வேகத்தைக் குறைத்தும் ஓடவிட்டார். பெரிய விலங்கென்றால் வாயைப் பிளந்து கர்ஜிக்கும் என்ற எண்ணம் நமது மனதில் ஆழப் பதிந்ததற்கு இத்தகைய படங்களே பெரிதும் காரணம். பாலூட்டியான சிங்கத்தின் தொண்டை ஊர்வன இனமொன்றுக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டது.

1940இல் வோல்ட் டிஸ்னியின் "பான்டேசியா" வந்தது. இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் "வசந்தச் சடங்கு" இசைக்கு, உலகம் தோன்றியது தொடக்கம் டைனோசர்கள் அழிந்தது வரையிலான காட்சிகளை அதில் வரைந்திருந்தார்கள். ஆனால், 1913 மே மாதம் பரிஸ் நகரில் முதன்முதலாக அரங்கேறி, சபையில் பெருங்குழப்பத்தை உண்டாக்கிய அந்த இசை, கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட ரஷ்யக் கிராமங்களின் சடங்கைப் பற்றியது. டைனோசர்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படத்தில் டிரனோசோரஸ் ஒரு ஸ்டெகோசோரஸைக் கொல்கிறது. அவ்விரு விலங்குகளுக்கும் இடையில் சுமார் எட்டுக் கோடி ஆண்டு இடைவெளி உண்டு. பின்னர் டைனோசர்கள் வரட்சியால் தாகத்தில் மடிகின்றன. விண்கல் மோதலே பேரழிவுக்குக் காரணம் என்ற கருத்தை லூயிஸ் அல்வாரெஸும் அவரது மகன் வோல்டரும் சக ஆய்வாளர்களும் முன்வைத்தது 1980இல்தான். எனினும், ஆதியுலகத்துக்கு இசை என்றால் இடிபோன்ற தாளமும் தாழ்ந்த ஊதுகுழல்களும் என்ற மரபு அந்தப் படத்தோடு நிலைபெற்றது.

யப்பானில் 1954இல் வெளிவந்த "கொட்சிலா" வேறு பாதையில் சென்றது. அமெரிக்கா பிகினி தீவில் நடத்திய ஹைட்ரஜன் குண்டுப் பரிசோதனையால் யப்பானிய மீன்பிடிப் படகொன்றின் பணியாளர்கள் கதிர்வீச்சுக்கு உள்ளான அதே ஆண்டு அது. குண்டுவெடிப்பால் எழுப்பப்பட்ட ஆதிகால விலங்குக்குக் குரல் தேவைப்பட்டது. விலங்குகளின் ஒலிகள் பொருந்தவில்லை. இசையமைப்பாளர் அகிரா இபுகுபே, டபுள் பாஸ் என்ற பெரிய நரம்பு வாத்தியத்தின் நரம்பைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் அதனை உரசி ஓர் அலறலை உண்டாக்கினார். எந்த விலங்கிடமிருந்தும் இரவல் வாங்காத குரல் அது. எங்கிருந்து வருகிறதென்று சொல்லமுடியாத ஓர் ஒலி. சிந்தசைசர் என்ற கருவி பின்னாளில் செய்யவிருந்த காரியத்தை ஒரு கையுறை முன்கூட்டியே செய்துவிட்டது.

மின்சாரத்தில் பிறந்த வாத்தியம்

ரொபர்ட் மூக் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், இசையமைப்பாளர் ஹேர்பர்ட் டொயிச்சுடன் சேர்ந்து தமது முதல் சிந்தசைசரை 1964இல் உருவாக்கினார். அதன் அடிப்படை எளிமையானது. ஒரு மின்சுற்று அலைகளை உண்டாக்குகிறது. இன்னொரு சுற்று வடிகட்டிபோல் இயங்கி அதன் கூர்மையைக் குறைக்கிறது. மூன்றாவது சுற்று, ஒலி எவ்வளவு விரைவாக எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிலைக்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இவையனைத்தும் மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படுகின்றன. வென்டி கார்லோஸ் 1968இல் இக்கருவியில் பாக்கின் இசையை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு பெரும் வெற்றி பெற்றது. யப்பானின் இசாவோ டொமிட்டா மூக்கின் கருவியொன்றைத் தமது நாட்டுக்கு வரவழைத்தபோது, அது இசைக்கருவி என்பதைச் சுங்க அதிகாரிகள் நம்ப மறுத்தார்கள் என்று கூறப்படுவதுண்டு. அதே கருவியில் டெபுசியின் இசையை மீளமைத்து 1974இல் அவர் வெளியிட்ட தொகுப்பு, சிந்தசைசரால் ஒரு நிலக்காட்சியையே வரைய முடியும் என்பதைக் காட்டியது.

ஆதியுலகைப் பாட விரும்புபவர்கள் ஏன் இந்தக் கருவியை நாடுகிறார்கள்? எனது மருமகனிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "வயலினைக் கேட்டால் மனிதரின் நினைவு வருகிறது, நாதஸ்வரத்தைக் கேட்டால் கோயில் வருகிறது. சிந்தசைசரில் நான் உண்டாக்கும் ஒலிக்கு ஊரும் இல்லை, உடம்பும் இல்லை. மனிதரே இல்லாத உலகத்துக்கு வேறு எதை வாசிப்பது, மாமா?" என்றார்.

இந்த வழியில் அவர் தனியாக நடக்கவில்லை. 1983இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட டி.எக்ஸ்.7 என்ற இலக்கமுறைச் சிந்தசைசரும், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்த "மிடி" என்ற நியமமும் இசைப்பதிவை வீட்டு அறைக்குள் கொண்டுவந்தன. அமெரிக்கரான ஸ்டீவ் ரோச் பாலைநிலங்களையும் தொல்மனிதரையும் கருவாகக் கொண்டு நீண்ட, சொற்களற்ற தொகுப்புகளை அமைத்தார். 2001இல் வெளிவந்த அவரது தொகுப்பொன்றின் பெயரே "ஆதி மனிதன்". நோர்வேயில் "எம்பரர்" என்ற உலோக இசைக்குழுவிலிருந்து விலகிய மோர்ட்டிஸ், மலிவான விசைப்பலகைகளின் ஒலியில் இருண்ட, மத்தியகாலச் சாயல் கொண்ட இசையை 1990களின் முற்பகுதியில் அமைக்கத் தொடங்கினார். "ஆளப் பிறந்தவன்" என்ற பொருள்படும் அவரது 1994ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒரு பரம்பரைக்கு முன்மாதிரியானது. அந்த வகைக்கு "டன்ஜன் சிந்த்", அதாவது நிலவறை இசை, என்ற பெயர் 2010களில் நிலைபெற்றது. கோட்டைகளையும் நிலவறைகளையும் பாடிய அந்த மரபிலிருந்து, டைனோசர்களையும் பன்னக் காடுகளையும் எரிமலைகளையும் மாத்திரம் கருவாகக் கொண்ட ஒரு கிளையும் பின்னர் தோன்றியது. வீட்டு அறைகளில் பதிவாகி, ஒலிநாடாக்களாகவும் இணையத்திலும் சில நூறு பேரிடையே உலவும் இசை அது. எனது மருமகன் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

இனி "ஜுராசிக் பார்க்" படத்தின் கர்ஜனைக்கு வருவோம். அதன் ஒலியமைப்பாளர் கெரி ரைட்ஸ்ட்ரோம். ரெக்ஸின் கர்ஜனையின் உயிர்நாடி, ஒரு யானைக் குட்டியின் பிளிறல். அதன் வேகத்தைக் குறைத்து, புலியினதும் முதலையினதும் ஒலிகளை அதனோடு கலந்தார். இரைதேடித் துரத்தும் சிறிய டைனோசர்களின் குரைப்புக்கு ஆமைகள் புணரும்போது எழுப்பும் ஒலி பயன்பட்டது. மரக்கிளைகளை மேயும் நெடுங்கழுத்து விலங்கின் இனிய பாட்டு, வேகம் குறைக்கப்பட்ட கழுதையின் கத்தல். இவற்றையெல்லாம் பதிவுசெய்து, உயர்த்தியும் தாழ்த்தியும் அவர் கலந்தது சின்கிளேவியர் என்ற இலக்கமுறைச் சிந்தசைசரில். விசைப்பலகையில் ஒரு விரல் அழுத்த, யானைக் குட்டி டைனோசராகியது. அதற்காக அவருக்கு 1994இல் ஒஸ்கார் விருதுகளும் கிடைத்தன. அவர் எதையும் மறைக்கவில்லை. இவை கற்பனை ஒலிகள் என்பதைப் பல நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார். விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது என்று எழுதியவன் நான்தான்.

தலையில் ஒரு ஊதுகுழல்

ஆனால், ஒரு டைனோசரைப் பொறுத்தவரை விஞ்ஞானிகளால் மெய்யாகவே ஏதோ சொல்ல முடிந்தது. அதன் பெயர் பரசோரோலோபஸ். தாவரம் தின்னும் பெரிய விலங்கு. தலையின் பின்புறமாக நீண்டு வளைந்த ஓர் எலும்புக் கொண்டை அதற்கு உண்டு. 1920இல் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் குழுவொன்று அதனைக் கண்டெடுத்தது. 1922இல் வில்லியம் பார்க்ஸ் பெயரிட்டு விபரித்தார். அந்த முதல் எலும்புக்கூடு ரொறன்ரோவின் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமது மக்கள் ஆயிரக்கணக்கில் வாழும் நகரம் அது. பாடசாலைப் பிள்ளைகளாக அவ்வழியே சென்ற தமிழ்ச் சிறுவர்கள் எத்தனையோ பேர். எனது மருமகனும் அவர்களில் ஒருவர். அவரது தொகுப்பின் நான்காவது உருப்படி இவ்விலங்கின் பெயரைக் கொண்டதுதான்.

கொண்டையினுள்ளே மூக்கிலிருந்து தொடங்கும் குழாய்கள் மேலேறி, வளைந்து, மீண்டும் கீழிறங்கித் தொண்டையை அடைகின்றன. இது எதற்காக என்பதில் நீண்ட காலம் சர்ச்சை இருந்தது. நீரினுள் மூச்சுவிடுவதற்கான குழாய் என்றனர் சிலர். ஆனால், கொண்டையின் நுனியில் துவாரமே இல்லை. சுவீடன் நாட்டின் கார்ல் விமன் 1931இல் இதே இனத்தின் இன்னொரு வகையை விபரித்தபோது, அதற்கு "எக்காளம் ஊதுபவன்" என்று பொருள்படும் லத்தீன் பெயரை இட்டார். கொண்டை ஓர் ஊதுகுழல் என்பது அவரது ஊகம். அரை நூற்றாண்டின் பின்னர், 1981இல், டேவிட் வைஷம்பெல் அந்த ஊகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார். குழாயின் நீளமும் வடிவமும் தெரிந்தால் அதனுள் எந்த அதிர்வெண்கள் பரிவுறும் என்று கணக்கிடலாம். அதிர்வெண் என்பது நாம் பாடசாலையில் "மீடிறன்" என்று படித்ததுதான். குழாய் நீளமாக நீளமாக ஒலி தாழும். ஐரோப்பாவின் பழைய வளைந்த குழல் வாத்தியமொன்றோடு கொண்டையை ஒப்பிட்ட வைஷம்பெல், சாதாரண பி.வி.சி. குழாய்களால் மாதிரியொன்றைச் செய்து ஊதியும் காட்டினார்.

1995 ஓகஸ்ட் மாதம் நியூ மெக்சிகோவில் இவ்விலங்கின் நல்ல மண்டையோடு ஒன்று கிடைத்தது. கொண்டையின் நீளம் சுமார் 1.4 மீற்றர். நியூ மெக்சிகோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டொம் வில்லியம்சனும், சன்டியா தேசிய ஆய்வுகூடத்தின் கணினி விஞ்ஞானி கார்ல் டீகேர்ட்டும் அதனை மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பரிசோதிக்கும் சி.ரி. ஸ்கான் முறையில் ஆராய்ந்தனர். மூன்று மில்லிமீற்றர் இடைவெளியில் சுமார் 350 குறுக்குவெட்டுப் படங்கள் எடுக்கப்பட்டன. எலும்பையும் அதனுள் அடைத்திருந்த மண்ணையும் கணினியில் பிரித்து, காற்றுப் பாதையை மீளமைத்து, அதனூடாக ஒலியைச் செலுத்தினார்கள். 1997 டிசம்பரில், ஏறத்தாழ ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த விலங்கின் குரலென ஓர் ஆழ்ந்த, தாழ்ந்த ஊதல் உலகுக்குக் கேட்டது.

இங்கே நான் கவனித்த ஒரு விடயம் உண்டு. அந்த ஆய்வாளர்கள் ஒரே ஒலியை வெளியிடவில்லை. குரல்நாண் போன்ற மென்மையான உறுப்புகள் அவ்விலங்குக்கு இருந்தனவா என்பது எலும்பிலிருந்து தெரியாது. ஆகவே, இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என இரண்டு விதமாகவும் ஒலிகளை அமைத்தார்கள். எதுவரை எலும்பு சொல்கிறது, எங்கிருந்து தமது ஊகம் தொடங்குகிறது என்பதை வெளிப்படையாகக் கோடிட்டுக் காட்டினார்கள். கணினி எழுப்பிய அந்த ஊதலும் ஒருவகைச் சிந்தசைசர் இசைதான். வேறுபாடு அந்தக் கோட்டில் இருக்கிறது.

மூடிய வாயிலிருந்து

கர்ஜனையின் கதை 2016இல் இன்னொரு திருப்பம் கண்டது. டோபியாஸ் ரீட், ஜூலியா கிளார்க் முதலானோர் பறவைகளும் முதலைகளும் ஒலியெழுப்பும் விதத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். புறா கூவும்போது அலகைத் திறப்பதில்லை. தீக்கோழியும் வாயை மூடியபடி கழுத்தை உப்பவைத்து முழங்குகிறது. முதலையின் ஆழ்ந்த முனகலும் அவ்வாறே. ஆராயப்பட்ட 208 பறவையினங்களுள் 52 இனங்கள் மூடிய வாயால் ஒலியெழுப்புபவை. பறவைகள் டைனோசர்களின் வாரிசுகள், முதலைகள் அவற்றின் உறவினர். ஆகையால், பெரிய டைனோசர்கள் சிலவும் வாயைத் திறக்காமலேயே, காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சில் அதிர்வதுபோன்ற தாழ்ந்த முழக்கத்தை எழுப்பியிருக்கலாம் என்பது அவர்களது முடிவு. தொண்ணூறு ஆண்டு காலமாகத் திரையில் நாம் கண்ட பிளந்த வாய் பிழையாக இருக்கக்கூடும்.

அதே ஆண்டில் கிளார்க்கின் குழு, அந்தாட்டிக்காவில் கிடைத்த வேகாவிஸ் என்ற பண்டைய பறவையின் குரலுறுப்பு கல்லாகிக் கிடைத்திருப்பதை அறிவித்தது. வயது சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல். 2023இல், மொங்கோலியாவின் பினகோசோரஸ் என்ற கவச டைனோசரின் குரல்வளை எலும்புகளை யோஷிடாவும் சகாக்களும் விபரித்தனர். பறவைகளைப்போல ஒலியை மாற்றியமைக்க அவை உதவியிருக்கலாம் என்றும் கூறினர். ஆகவே, தொண்டை கல்லாவதில்லை என்று எழுதிய அந்த ஆசிரியருக்கும் இன்று ஒரு சிறு திருத்தம் சொல்லவேண்டியிருக்கிறது. அபூர்வமாக, ஓரளவுக்கு, தொண்டையும் கல்லாகிறது. இதைக் கேட்டிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவின் டலஸ் நகரில் கற்பிக்கும் இசைக்கலைஞர் கோட்னி பிரவுண் இத்தகைய ஆய்வுகளையே வாத்தியமாக்கியிருக்கிறார். கொரிதோசோரஸ் என்ற இன்னொரு கொண்டை டைனோசரின் மண்டையோட்டை ஸ்கான் செய்து, முப்பரிமாண அச்சில் வார்த்து, மனிதர் தமது மூச்சால் இயக்கும் கருவியாக அமைத்தார். புதிய ஆய்வு வரும்போதெல்லாம் அவர் குரலின் கணினி மாதிரியை மாற்றியமைக்கிறார்.

ஒரு பூச்சியின் பாட்டு

அப்படியானால், ஜுராசிக் யுகத்தின் "உண்மையான ஒலி" என்று நாம் நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது எதுவுமே இல்லையா? ஒன்று இருக்கிறது. அது டைனோசரினுடையது அல்ல.

2012இல் சீன, பிரித்தானிய ஆய்வாளர்கள் அடங்கிய குழுவொன்று, சீனாவின் உள் மொங்கோலியாவில் கிடைத்த வெட்டுக்கிளி வகைப் பூச்சியொன்றின் சிறகுச் சுவடுகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது. வயது 16 கோடியே 50 இலட்சம் ஆண்டுகள். சிறகில் உள்ள நுண்ணிய பற்களை மற்றச் சிறகின் விளிம்பால் உரசியே இவ்வினம் பாடும். அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் கல்லில் தெளிவாகப் பதிந்திருந்தன. அவற்றின் அளவையும் இடைவெளியையும் அளந்து, இன்று வாழும் உறவினப் பூச்சிகளோடு ஒப்பிட்டபோது, அதன் பாட்டின் அதிர்வெண் சுமார் 6,400 ஹேர்ட்ஸ் எனக் கணக்கிடப்பட்டது. பியானோவின் கடைசிக் கட்டையையும்விட உயர்ந்த சுருதி. அதற்கு "ஆர்க்கபொய்லஸ் மியூசிக்கஸ்" என்று பெயரிட்டார்கள்.

இதில் என்னை வியக்கவைத்தது வேறொன்று. அந்தப் பாட்டு இரைச்சலல்ல, ஒரே சுருதியிலான தூய ஒலி என்பது ஆய்வின் முடிவு. தூய சுருதி என்பது சிந்தசைசரில் மிக இலகுவாக உண்டாக்கக்கூடிய சைன் அலை. சென்-சான்ஸின் சைலோபோனோ, ஸ்ட்ராவின்ஸ்கியின் வாத்தியக் குழுவோ, ஸ்பில்பேர்க்கின் யானைக் குட்டியோ தரமுடியாத ஒன்றை, எனது மருமகன் தமது கருவியில் ஒரு விரலால் தந்துவிட முடியும். டைனோசர்கள் இரவு நேரத்தில் கேட்டிருக்கக்கூடிய ஓர் ஒலி அது.

இதை அவருக்கு எழுதினேன். நான்காவது உருப்படியின் பரசோரோலோபஸும், ஏழாவது உருப்படியின் ரெக்ஸும் ஜுராசிக் யுகத்தவை அல்ல என்பதையும் எழுதினேன். 14 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் ஜுராசிக் முடிந்துவிட்டது. இரண்டுமே அதற்கடுத்த கிரெத்தேசிய யுகத்தின் பிற்பகுதியில் வாழ்ந்தவை. ஜுராசிக்கின் முடிவுக்கும் ரெக்ஸுக்கும் இடையிலான காலத்தைவிட, ரெக்ஸுக்கும் நமக்கும் இடையிலான காலம் குறைவு.

இரண்டு நாட்களின் பின்னர் தொலைபேசியில் அழைத்தார். சற்று மனத்தாங்கலோடுதான் பேசினார். "இது இசை மாமா, பேப்பர் இல்லை. கற்பனைக்கும் அடிக்குறிப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கற்பனைக்கு அடிக்குறிப்பு வேண்டாம், "உண்மையான" என்ற ஒரு சொல்லை மாத்திரம் எடுத்துவிடுங்கள் என்றேன். எனக்கு வந்த தபாலட்டையின் கதையையும் அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்த சேருக்கு நீங்கள் பதில் போட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

தொகுப்பின் குறிப்பு இப்போது "யாரும் கேட்டிராத ஒரு காலத்துக்காக" என்று தொடங்குகிறது. ரெக்ஸுக்கான உருப்படியில் கர்ஜனை அப்படியே இருக்கிறது. அது அவருடைய உரிமை. புதிதாகப் பத்தாவது உருப்படியொன்றைச் சேர்த்திருக்கிறார். இரண்டு நிமிடங்கள்தான். மெல்லிய, மிக உயர்ந்த சுருதியொன்று விட்டுவிட்டு ஒலிக்கிறது, வேறெதுவுமில்லை. எனது வயதில் அந்தச் சுருதி காதுக்கு மங்கலாகவே எட்டுகிறது.

என் பங்குக்கும் ஒரு வேலை மீதமிருக்கிறது. அந்த ஆசிரியர் இப்போது இருக்கிறாரோ தெரியாது. தபாலட்டையும் என்னிடம் இல்லை, வீடு மாறிய எத்தனையோ தடவைகளில் ஒன்றில் தொலைந்துவிட்டது. அன்று அச்சேறாத சில வரிகளை இன்று இங்கே பதிகிறேன்.

திருத்தம்: 1993ஆம் ஆண்டு ஞாயிறு இதழொன்றில் என்னால் எழுதப்பட்ட கட்டுரையில், டிரனோசோரஸ் ரெக்ஸின் கர்ஜனையை விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அது பிழை. அந்த ஒலியை மனிதர் எவரும் கேட்டதில்லை. சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி. தாமதத்துக்கு வருந்துகிறேன்.